மதுரைப் பொறியாளர் மையத்தின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

வைகை_வடகரை

எல்லோருக்கும் வணக்கம். இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் (இந்தியா) அமைப்பின் மதுரை உள்ளூர் மையத்தைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுத உட்கார்ந்திருக்கிறேன். யாரும் கேட்டு எழுதவில்லை. 30 வருஷமாக உறுப்பினன், எனக்கே தோன்றி எழுதுகிறேன்.

இந்த மாதிரி வரலாறுகள் நிறைய வாசித்தாகிவிட்டது. தலைவர் பெயர், செயலாளர் பெயர், அடுத்த இரண்டு வருஷத்துக்கு அடுத்த பெயர்கள், நடுவே குத்துவிளக்கு ஏற்றும் படம், செப்டம்பர் 15 பொறியாளர் தினத்துக்கு விஸ்வேஸ்வரய்யா படத்துக்கு மாலை. மாலை போடுவதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் 50 வருஷம் கழித்து ஒரு பையன் அதை எடுத்துப் படித்தால், மதுரையில் இப்படி ஒரு சங்கம் எதற்காக இருந்தது என்று அவனுக்குப் புரியாது.

அதனால் நான் பெரியாறு அணையிலிருந்து தொடங்கி மூன்று பக்கம் எழுதிவிட்டேன். 1887-இல் வேலை தொடங்கி 1895-இல் முடிந்தது, பென்னிகுவிக், சுரங்க வாய்க்கால் எல்லாம். இந்த வட்டாரத்தில் பொறியியல் என்றாலே அதுதானே முதலில் நினைவுக்கு வருகிறது? இப்போது திருப்பிப் படித்தால் மனசுக்கு ஒட்டவில்லை. ஏனென்று பிடிபடவும் இல்லை. நீங்களெல்லாம் எங்கிருந்து தொடங்குவீர்கள்?

மேலூர்_பாசனம்

ஐயா, அந்த மூணு பக்கத்தைக் கிழிச்சுடாதீங்க. நான் பொதுப்பணித்துறையில இருந்து ஓய்வு பெற்றவன், ஊரு மேலூர் பக்கம். எங்க அப்பாரு இருபோகம் வெச்சது பெரியாத்துத் தண்ணியில. மேற்கே அரபிக்கடலுக்குப் போன தண்ணிய மலையைக் குடைஞ்சு கிழக்கே திருப்பி, சுருளியாறு, வைகைன்னு இறக்கி, பேரணையில தடுத்து, பெரியாறு பிரதானக் கால்வாய்ல ஏத்தி மேலூர் வரைக்கும் கொண்டாந்து சேர்த்தாங்க. சுரங்கம் மட்டும் ஒரு மைலுக்கு மேல. 1808-லேயே கேப்டன் கால்டுவெல் வந்து பார்த்துட்டு ஆகாத காரியம்னு எழுதிட்டுப் போனாரு. அதுக்கும் முன்னாடி ராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789-ல ஆள் அனுப்பிப் பார்த்திருக்காரு. ஆக நூறு வருஷமா மனசுல கிடந்த வேலை அது.

இன்னொண்ணு சொல்றேன், இது உங்க கட்டுரைக்கு நேரா வேணும். அணை முடிஞ்ச பிறகு பென்னிகுவிக் சும்மா இருக்கல. எப்படிக் கட்டினோம், எங்க வெள்ளம் அடிச்சுட்டுப் போச்சு, சுண்ணாம்பும் சுர்க்கிங்கற செங்கல் பொடியும் எந்த அளவுல கலந்தோம்னு எல்லாத்தையும் எழுதி லண்டன் சிவில் இன்ஜினியர்கள் சங்கத்து முன்னால வெச்சாரு. 1897 நடவடிக்கைக் குறிப்புல அச்சாகியிருக்கு. செஞ்ச வேலையை எழுதி சக இன்ஜினியர்கள் முன்னால வைக்கிறது, கேள்வி வந்தா பதில் சொல்றது. சங்கத்துக்கு வேலையே அதுதானே? அப்புறம் அவரை விட்டுட்டு எங்க தொடங்குவீங்க?

கீழச்சித்திரை

மேலூர் ஐயா சொன்ன கடைசி விஷயத்திலேயே என் மறுப்பும் இருக்கிறது. அந்த லண்டன் மண்டபத்தில் நம்மூர்க்காரர் யார் உட்கார்ந்திருக்க முடியும்?

பெரியாறு அணை வேலையில் நம் ஆட்கள் இல்லாமல் இல்லை. ஓவர்சியர், கொத்தனார், கல் உடைத்தவர், காட்டுக் காய்ச்சலில் செத்துப்போன கூலியாள், எல்லோரும் இருந்தார்கள். ஆனால் அன்றைக்குப் பொதுப்பணித்துறையில் இன்ஜினியர் என்பது ஒரு ஜாதி, சபார்டினேட் என்பது இன்னொரு ஜாதி. அப்பர் சபார்டினேட், லோயர் சபார்டினேட் என்றே பெயர் வைத்திருந்தார்கள். லெவல் எடுத்தவனும் மட்டம் பார்த்தவனும் பேர் இல்லாமல் போனார்கள்.

சங்கத்தின் வரலாறு என்றால் சங்கம் பிறந்த இடத்தில்தான் தொடங்க வேண்டும். முதல் உலகப்போர் சமயம் சர் தாமஸ் ஹாலண்ட் தலைமையில் இந்தியத் தொழிற்குழு அமைத்தார்கள், 1916 முதல் 1918 வரை. போர் வந்ததும் கப்பல் வரத்து குறைந்து, ஒரு ஆணிக்கும் உதிரிபாகத்துக்கும் சீமையைப் பார்த்திருந்த நாடு திணறிப்போனது. அந்தச் சூட்டில்தான் இந்தியாவில் இருக்கும் பொறியாளர்களுக்கு இங்கேயே ஒரு அமைப்பு வேண்டும் என்ற பேச்சு கெட்டிப்பட்டது. 1920 செப்டம்பர் 13 அன்று பதிவு நடந்தது. எங்கே? மெட்ராஸில். 1921 பிப்ரவரி 23 அன்று கல்கத்தாவில் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு தொடங்கிவைத்தார். ஹாலண்டே முதல் தலைவர். தலைமையகம் கல்கத்தாவுக்குப் போய், இன்றைக்கும் கோகலே சாலையில் இருக்கிறது. 1935 செப்டம்பர் 9-இல் அரச சாசனம் கிடைத்தது. நம்மில் சிலர் பெயருக்குப் பின்னால் சார்ட்டர்டு இன்ஜினியர் என்று போட்டுக்கொள்கிறோமே, அந்தச் சொல்லுக்கு வேர் அந்தச் சாசனம்தான்.

மெட்ராஸில் பதிவானது என்பதே நம் ஆட்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதிலிருந்து தொடங்குங்கள்.

தியாகராசர்_2016

அண்ணே, நான் திருப்பரங்குன்றத்துல சிவில் முடிச்சவன். என்னைக் கேட்டா 1957. கருமுத்து தியாகராசர் இன்ஜினியரிங் காலேஜ் ஆரம்பிச்ச வருஷம். அதுக்கு அப்புறம்தானே மதுரையில கூட்டமா இன்ஜினியர்கள் வந்தாங்க? ஆள் இல்லாம சங்கம் ஏது?

இன்னொரு கேள்வி, தப்பா எடுத்துக்காதீங்க. படிக்கும்போது மாணவர் கிளைன்னு ஒரு ஃபாரம் குடுத்தாங்க, கையெழுத்துப் போட்டோம், அதோட சரி. எங்களை மாதிரி ஆளுக்கு இந்த மையம் என்ன செஞ்சிருக்கு? நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னுதான் கேக்குறேன்.

டிரேசிங்_துணி

தம்பி, உன் கேள்விக்கு நான் பதில் சொல்லலாமா? நான் இன்ஜினியர் இல்லை. எங்க அப்பா இன்ஜினியர். ஆனா காலேஜ் போய் ஆனவர் இல்லை.

அப்பா பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடிச்சவர். ஒரு மில் ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேன். டிரேசிங் துணியில் மை பேனாவால் வரைவார். நீலத்துணி, ஒரு பக்கம் பளபளன்னு இருக்கும், மறுபக்கம் சொரசொரன்னு இருக்கும். வேலை முடிஞ்ச பழைய துணியை வீட்டுக்குக் கொண்டுவருவார். அம்மா வெந்நீரில் ஊறவைச்சுக் கஞ்சியெல்லாம் போனதும் எங்களுக்குக் கைக்குட்டை தைச்சுக் குடுப்பாங்க. அவ்வளவு மெல்லிசான பருத்தி. என் புனைபெயர் அதனால்தான்.

அவர் வரைந்த படத்தில் கையெழுத்துப் போடுகிறவர் வேறு ஒருத்தர். அது அவருக்கு உறுத்திக்கிட்டே இருந்தது. 1965-இல் இன்ஸ்டிடியூஷன் நடத்துற ஏ.எம்.ஐ.இ. தேர்வுக்குப் பதிவு பண்ணினார். அப்போ எனக்கு 4 வயசு. செக்‌ஷன் ஏ, அதை முடிச்சா செக்‌ஷன் பி, ரெண்டும் முடிச்சா பட்டத்துக்குச் சமம். வகுப்பு கிடையாது, வாத்தியார் கிடையாது. பாடத்திட்டம் கல்கத்தாவில் இருந்து தபாலில் வரும், மீதி உன் பாடு.

மில்லில் இருந்து வந்து குளிச்சு, சாப்பிட்டு, 8 மணிக்கு மேல் முன்கட்டில் உட்காருவார். டி-ஸ்கொயரை ஆணியில் மாட்டிட்டு, கணக்குப் போடுற ஸ்லைடு ரூலை எடுப்பார். அதை நாங்க தொடக்கூடாது. அதோட நகர்கிற கண்ணாடியில் இருக்கிற கோடு நகர்ந்தால் அவருக்குக் கணக்கு போச்சு. புஸ்தகம் புதுமண்டபத்தில் பழைய விலைக்கு வாங்குவார். அட்டை இருக்காது, முதல் பக்கத்தில் மூணு பேர் கையெழுத்து இருக்கும். மூணு பேரும் அப்பா மாதிரியே யாரோ.

தியரி ஆஃப் ஸ்ட்ரக்சர்ஸ் அவரைப் படாத பாடு படுத்தியது. மூணு தடவை போச்சு. மூணாவது தடவை ரிசல்ட் வந்த அன்னிக்கு புஸ்தகத்தையெல்லாம் கட்டி பரண் மேல போட்டுட்டார். அப்போ வந்தவர்தான் மையத்தில் உறுப்பினராக இருந்த ஒரு பெரியவர். சிம்மக்கல் பக்கம் வீடு, மின்சார வாரியத்தில் வேலை. அவரும் ஏ.எம்.ஐ.இ. எழுதி மேலே வந்தவர்தான். ஒரு கூட்டத்தில் ரெண்டு பேருக்கும் பழக்கம். வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட காபி வாங்கிக் குடிச்சுட்டு, "பரண்ல இருந்து எடுங்க, ஞாயித்துக்கிழமை காலைல என் வீட்டுக்கு வந்துருங்க"ன்னு சொல்லிட்டுப் போனார். அவர் வீட்டுத் திண்ணையில் இதே மாதிரி இன்னும் நாலு பேர். ஒரு காசு வாங்கலை அந்த மனுஷன். சிவில் கணக்கு தனக்கு வராதுன்னு, அதுக்காக ஒரு காலேஜ் ஆசிரியரை அழைச்சுட்டு வந்து உட்காரவைச்சிருக்கார்.

1974-இல் முடிச்சார். 9 வருஷம். தபால்காரர் வந்தப்போ அப்பா மில்லில். அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. நான் ஏழாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி நான்தான் வாசிச்சேன். அம்மா கடிதத்தை சாமி படத்துக்குக் கீழே வைச்சுட்டு, சாயந்திரம் வரைக்கும் யாரையும் அந்தப் பக்கம் போக விடலை.

தம்பி, மையம் என்ன செஞ்சதுன்னு கேட்டியே. அந்தத் திண்ணையைச் செஞ்சது.

லோகோ_ஷெட்

அக்கா எழுதினதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடலை.

ரயில்வேயிலயும் இதே கதைதான். மதுரைக் கோட்டம் 1956-ல வந்தது. ஷெட்ல அப்ரண்டிஸா சேர்ந்த பையன்கள்ல வருஷத்துக்கு ரெண்டு பேர் மூணு பேர் ஏ.எம்.ஐ.இ. கட்டுவாங்க. நைட் டியூட்டி கேட்டு வாங்குவாங்க, பகல்ல படிக்கலாம்னு. நானும் அப்படித்தான் முடிச்சேன். தேர்வு வருஷத்துக்கு ரெண்டு தடவை. லீவு கிடைக்காட்டி சம்பளம் இல்லா விடுப்பு போட்டுட்டுப் போய் எழுதுவோம்.

நாங்க படிக்கும்போது பெரியவங்க சொல்லிச் சொல்லிக் கேட்டது பாம்பன் பாலம். 1964 டிசம்பர் புயல்ல கர்டர், அதாவது பாலத்து இரும்பு உத்தரம் எல்லாம் கடல்ல போச்சு. ஸ்ரீதரன் அப்ப சின்ன வயசு இன்ஜினியர். மேலே 6 மாசம் கெடு சொன்னாங்க, அப்புறம் 3 மாசம்னாங்க. அவர் 46 நாள்ல ஓட வெச்சார். கடலுக்குள்ள விழுந்த கர்டரை மீனவர்கள் அடையாளம் காட்ட, எடுத்துத் திரும்ப மாட்டினாங்க. புது கர்டர் வர்ற வரைக்கும் காத்திருந்தா அந்த 46 நாள் நடந்திருக்காது. இதைப் பாடப்புத்தகத்துல யாரும் எனக்குச் சொல்லித்தரலை. டீக்கடையில, ஷெட்ல, சங்கக் கூட்டம் முடிஞ்சு சைக்கிளை உருட்டிக்கிட்டு நடந்து வரும்போது காதுல விழுந்தது.

கீழச்சித்திரை

டிரேசிங்_துணி அம்மா, உங்களுக்கு ஒரு வணக்கம். ஒரு தேதி சேர்த்துக்கொள்கிறேன்: இந்த ஏ.எம்.ஐ.இ. தேர்வை இன்ஸ்டிடியூஷன் நடத்தத் தொடங்கியது 1928-இல். அன்றைக்குத் தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் பட்டம் என்றால் கிண்டி ஒன்றுதான். 1945-இல் கோயம்புத்தூரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் வந்தன. நம் பக்கத்துக்கு 1952-இல் காரைக்குடி, 1957-இல் திருப்பரங்குன்றம். ஆக ஏறக்குறைய 30 வருஷம், மதுரை மில்லில், பஸ் ஒர்க்‌ஷாப்பில், மின்சாரத்தில், ஆற்றுப் பாசனத்தில் வேலை பார்த்துக்கொண்டே பொறியாளர் ஆக ஒருவனுக்குத் திறந்திருந்த வாசல் இந்தத் தபால் தேர்வுதான். நான் மேலே எழுதினேனே, சபார்டினேட், இன்ஜினியர் என்ற சுவர். அதில் கதவு வைத்தது 1920-இன் பதிவு இல்லை, 1928-இன் தேர்வு. என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

நாலாம்_தளம்

தேர்வு பெருமையைப் பேசுகிறவர்கள் அது எப்படி முடிந்தது என்றும் பேச வேண்டும்.

நான் ஏ.எம்.ஐ.இ. முடித்தவன். பதிவு செய்தது 2004, முடித்தது 2011. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பதவி உயர்வுப் பட்டியல் வந்தபோது என் பெயர் இல்லை. கேட்டதற்கு, பி.இ. சான்றிதழ் எங்கே என்றார்கள். அரசாணை நகலை எடுத்துக்கொண்டு நாலாம் தளத்துக்கும் தரைத்தளத்துக்கும் இரண்டு வருஷம் ஏறி இறங்கினேன். இறுதியில் கொடுத்தார்கள். அதற்குள் என்னைவிட ஐந்து வயது சின்னவர் எனக்கு மேலே உட்கார்ந்துவிட்டார். நல்ல மனிதர், அவர்மேல் வருத்தம் இல்லை.

பிறகு 2013. அந்த வருஷம் மே 31 வரை பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் பட்டத்துக்கு நிகர் என்ற மத்திய அரசின் அங்கீகாரம். அதற்குப் பிறகு சேர்ந்தவனுக்கு அந்தத் தாளின் எடை வேறு. ஊருக்கு ஊர் கல்லூரி வந்துவிட்டது, இனி எதற்கு என்று ஒரு நியாயம் சொல்வார்கள். 18 வயதில் கல்லூரிக்குப் போக முடியாதவன் 28 வயதில் படிக்க ஆசைப்பட்டால், குடும்பத்தை விட்டு நாலு வருஷம் எந்தக் கல்லூரியில் போய் உட்காருவான்? வரலாறு எழுதினால் இதையும் எழுதுங்கள். கதவு வைத்ததை ஒரு பக்கம் எழுதினால், சாத்தியதை அரைப் பக்கமாவது எழுதுங்கள்.

தியாகராசர்_2016

அக்கா, மன்னிச்சுக்கோங்க. நான் 1957-னு சொன்னது அறியாம சொன்னது. எங்க சைட்லயே ஒரு சூப்பர்வைசர் அண்ணன் இருக்காரு, டிப்ளமா, 22 வருஷ அனுபவம். ஸ்லாப் கான்கிரீட் போடுறதுக்கு முன்னால கம்பி கட்டினதைப் பார்த்து அவர் ஒரு தலையாட்டு ஆட்டினாத்தான் எனக்குத் தூக்கம் வரும். படத்துல கையெழுத்துப் போடுறது நான். இத்தனை நாள் அது எனக்கு ஒரு விஷயமாவே படலை.

நாலாம்_தளம் சார், சாயந்திர வகுப்புல பகுதிநேர பி.இ. படிக்கலாமே, அது அவருக்கு ஆகாதா?

நாலாம்_தளம்

ஆகும் தம்பி, வேலை ஒரே ஊரில் இருந்தால். சைட் மாறிக்கொண்டே இருக்கிறவர் தினமும் 6 மணிக்கு வகுப்புக்கு வர முடியாது. தபால் தேர்வின் அருமை அதுதான். ஆண்டிபட்டியில் இருந்தாலும் அசாமில் இருந்தாலும் அதே பாடம், அதே வினாத்தாள்.

மேலூர்_பாசனம்

எல்லாத்தையும் படிச்சேன். அம்மா எழுதினதுக்கு நான் எதிர்ப்பேச்சுப் பேச மாட்டேன். எங்க ஆபீஸ்லயும் பாதி ஜூனியர் இன்ஜினியர் அப்படி வந்தவங்கதான். ஆனாலும் பெரியாத்தை முழுசா விட்டுடாதீங்க, காரணம் இருக்கு.

1979-ல அணை பலமா இருக்கான்னு பயம் கிளம்புச்சு. 152 அடி நிக்க வேண்டிய தண்ணியை 136-க்கு இறக்கினாங்க. அப்புறம் பலப்படுத்துற வேலை. அணை உச்சியில இருந்து நேரா கீழே துளை போட்டு, அடிப்பாறைக்குள்ளயும் இறக்கி, உயர் இழுவிசை எஃகுக் கம்பிக் கத்தையை உள்ளே விட்டு, அடியில சிமெண்ட் பால் ஏத்திப் பிடிக்க வெச்சு, மேல இருந்து இழுத்து இறுக்குறது. அணையைப் பாறையோட சேர்த்துக் கட்டின மாதிரி. பின்னாடி கான்கிரீட் முட்டு, தலையில கான்கிரீட் தொப்பி. 2014 மே மாசம் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு ஒத்துக்கிட்டதுக்குப் பின்னால இந்த வேலை இருக்கு.

அந்தக் காலத்துல எங்க ஊர்ப் பெரியவங்க என்கிட்ட கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணு: "அணை நிக்குமாப்பா?" நான் அப்ப சின்ன ஆளு. கம்பி, துளைன்னு சொன்னேன், அவங்களுக்கு விளங்கலை. எங்க மேலதிகாரி ஒருத்தர், அவரும் ஏ.எம்.ஐ.இ.தான், வேப்பமரத்தடியில உக்காந்து ஒரு உரலைக் காட்டி, இந்த உரலைத் தரையோட சேர்த்து முளை அடிச்சா தள்ள முடியுமான்னு கேட்டாரு. விளங்கிருச்சு. லண்டன்ல எழுதி வைக்கிறது ஒரு பக்கம்னா இதையும் இன்ஜினியர் வேலையிலதான் நான் சேர்ப்பேன். தல்லாகுளம் ஆபீஸ் முன்னாடி பென்னிகுவிக் சிலை இருக்கு. அந்தச் சிலையைத் தாண்டித்தான் தினமும் உள்ளே போனோம். உரல் காட்டின மனுஷனுக்குச் சிலை கிடையாது, ஆனா ரெண்டு பேரும் ஒரே கட்டுரையில வரலாம்.

கீழச்சித்திரை

வரலாம். அணையைத் தொடக்கத்தில் வைக்காமல் நடுவில் வையுங்கள் என்பதுதான் என் கட்சி. அந்த உரல், பென்னிகுவிக்கின் 1897 கட்டுரைக்குப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும்.

லோகோ_ஷெட்

சுர்க்கி பற்றி ஒரு சின்ன சேர்க்கை. செங்கல் பொடியும் சுண்ணாம்பும் சேர்ந்த அதே சாந்தைத்தான் விஸ்வேஸ்வரய்யா கிருஷ்ணராஜசாகர் அணைக்கும் எடுத்துக்கிட்டார். செப்டம்பர் 15 மாலை போடும்போது இதைச் சொல்லலாம். பேச்சாளர் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

வைகை_வடகரை

நான்கு நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். என் மூன்று பக்கம் ஏன் ஒட்டவில்லை என்று இப்போது தெரிகிறது. அதில் மேலிருந்து கீழே பார்த்து எழுதியிருந்தேன். அணை பெரியது, ஆள் பெரியவர், அந்த நிழலில் எங்கள் மையமும் கொஞ்சம் பெரிதாகத் தெரியட்டும் என்ற ஆசை இருந்திருக்கிறது.

கட்டுரை 1928-இல் தொடங்கும், கல்கத்தாவில் இருந்து மதுரைக்கு வரும் ஒரு தபால் உறையில். அணை நடுவில் வரும், உரலோடு. 1920-இல் மெட்ராஸில் பதிவான கதை இரண்டு பத்தி. 2013-க்கு முழுப் பக்கம், நாலாம்_தளம் கேட்ட அரைப் பக்கம் போதாது. தலைவர் பட்டியலைக் கடைசியில் பின்னிணைப்பாகப் போடுகிறேன். அவர்களும் உழைத்தவர்கள், விடக்கூடாது.

இதற்கு எனக்கு வேண்டியது மையத்து அலமாரியில் இல்லை, உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. பழைய ஹால் டிக்கெட், கல்கத்தா முத்திரை உள்ள உறை, மதிப்பெண் சீட்டு, பாடக்குறிப்பு எழுதிய நோட்டு, குழுவாக எடுத்த படம், எது இருந்தாலும் சொல்லுங்கள். தோற்ற சீட்டு இருந்தால் அதையும் கொடுங்கள். தேறியவர் பெயர் எங்கேயாவது இருக்கும். பாதியில் விட்டவர்களைப் பற்றித்தான் ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சவில்லை, அவர்கள்தான் அதிகம் பேர்.

தியாகராசர் தம்பி, உன் சைட் சூப்பர்வைசரிடம் பேச எனக்கு ஒரு மணி நேரம் வேண்டும். கேட்டுச் சொல்.

தியாகராசர்_2016

கேட்டுட்டேன் அண்ணே. "என்கிட்ட என்னப்பா இருக்கு பேச"ன்னாரு. ஞாயிறு சாயந்திரம் வரச் சொல்லிட்டாரு. அவர் செக்‌ஷன் ஏ-ல ரெண்டு பேப்பர் மிச்சம் வெச்சு விட்டவராம். இத்தனை வருஷம் கூட இருந்தும் எனக்குத் தெரியாது.

டிரேசிங்_துணி

எங்கிட்ட ஒரு தகரப் பெட்டி இருக்கு. ஹால் டிக்கெட் ஏழெட்டு இருக்கும். மூணு தடவை போன சீட்டும் அப்பா கிழிக்காம வைச்சிருக்கார், ஒரே பின்னில் குத்தி. ஞாயிறு காலையில் கொண்டுவர்றேன். ஸ்லைடு ரூலும் அதுலதான் இருக்கு. அதைக் குடுத்துட்டுப் போகணுமா?

வைகை_வடகரை

வேண்டாம்மா. அது உங்ககிட்டயே இருக்கட்டும். பக்கத்தில் வைத்து ஒரு படம் மட்டும் எடுத்துக்கிறேன், கோடு எங்கே நிற்கிறதோ அப்படியே.